"வலிய" என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குத் தெற்கே ஸ்ரீவராகம் என்னும் பகுதி உள்ளது. வராக மூர்த்தியின் கோயிலும் அதனை அடுத்த பரந்த திருக்குளமும் அவ்விடத்திற்குப் பெயரும் பெருமையும் தந்தவை. கோயிலுக்கு வரும் தமிழர் அக்குளத்தைக் கண்டு, "எவ்வளவு பெரிய குளம்!" என்பர். அதே படித்துறையில் நிற்கும் மலையாளத்தார், "எத்ர வலிய குளம்!" என்பர். குளம் இருவர் நாவிலும் குளமே, வியப்பும் ஒன்றே. இடையில் நிற்கும் அடைமொழி மட்டும் வேறாகிறது. அவ்வடைமொழியின் பிறப்பையும் சுற்றத்தையும் நேயர்களோடு சேர்ந்து சிறிது ஆராய்வோம்.

ஸ்ரீவராகத்தைச் சுற்றி எத்திசையில் நடந்தாலும் இச்சொல் நம்மை எதிர்கொள்ளும். மேற்கே கடற்கரைக்குச் சென்றால் வலியதுறையும் செறியதுறையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கிழக்கே சென்றால், தமிழ் அந்தணர் தெருக்களும் மகாதேவர் கோயிலும் கொண்ட வலியசாலை. நகரைக் கடந்து நெடுமங்காடு செல்லும் பக்கத்தில் வலியமலை. விண்கலங்களுக்குத் திரவ எரிபொருள் இயந்திரம் அமைக்கும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வந்த தமிழர் இப்பெயர்களைப் படித்தால் வலிமையுள்ள துறை, வலிமையுள்ள சாலை, வலிமையுள்ள மலை என்றே பொருள் கொள்வார். மலையைப் பொறுத்தவரை அது பொருந்தும். துறையைப் பொறுத்தவரை ஐயம் உண்டு. வலியதுறையில் 1956-இல் கட்டிய கடற்பாலம் 2021-ஆம் ஆண்டின் கடற்சீற்றத்தில் பிளந்தது. 2024-இல் அதன் ஒரு பகுதி இடிந்து கடலுள் வீழ்ந்தது. தமிழ்ப் பொருள் அங்கே நிலைக்கவில்லை. பெரிய துறை, சிறிய துறை என்னும் மலையாளப் பொருளே அவ்விரு பெயர்களையும் விளக்குகிறது.

இது வெறும் வேடிக்கையாக முடிந்துவிட்டால் இதனைப் பற்றிப் பேச வேண்டிய தேவையில்லை. கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவ்வில்லங்களில் வளரும் பிள்ளைகள் வீட்டிலே தமிழும் வீதியிலே மலையாளமும் பேசுகின்றனர். அவர்களுள் ஒருவன் தமிழ்க் கட்டுரையில் "வலிய குளம்" என்று எழுதினால், ஆசிரியர் அதனை அடித்துப் "பெரிய குளம்" என்று திருத்துவார். அத்திருத்தம் முறையானதே, பொதுத்தமிழ் எழுதப் பழகும் மாணவன் பொதுத்தமிழ்ச் சொல்லை அறிந்துகொள்ள வேண்டும். திருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தீர்ப்புத்தான் நம்மை உறுத்துகிறது. "இது சிதைந்த தமிழ், மலையாளத்தார் நம் சொல்லைப் பொருள் தெரியாமல் வழங்கிக் கெடுத்தனர், நீங்களும் அவர்களோடு சேர்ந்து கெட்டீர்கள்" என்பது அத்தீர்ப்பு. ஒரு மக்கட்கூட்டத்தின் பேச்சைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன், சான்றுகளைக் கேட்பது நியாயம் அன்றோ?

முதலில் தமிழின் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். இச்சொல்லின் வேர் "வல்" என்பது. உறுதி, கடினம், ஆற்றல் ஆகிய பொருள்கள் அதில் அடங்கியுள்ளன. வலிமை, வல்லமை, வன்மை, வல்லரசு, வன்சொல், வன்முறை என்பன எல்லாம் அவ்வேரிலிருந்து கிளைத்தவை. க, ச, ட, த, ப, ற என்னும் ஆறனையும் இலக்கண நூலார் வல்லினம் என்றது, அவை ஒலிக்கும் வன்மை பற்றியே. திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் வலியறிதல். வினையின் வலியும், தன் வலியும், மாற்றான் வலியும், துணைவலியும் எடைபோட்டுச் செயற்படுவதைக் கூறுவது.

ஆற்றல் உடையவன் ஒரு செயலைச் செய்யவல்லவன் ஆகிறான். ஆதலின் "வல்" என்பது திறமையையும் குறிக்கலாயிற்று. வல்லுநர், வல்லோர் என்கிறோம். தேரைத் திறம்படச் செலுத்துபவனைச் சங்கச் சான்றோர் வலவன் என்றனர். இரு கைகளுள் ஆற்றல் மிக்கது எதுவோ அது வலக்கை. அக்கை இருக்கும் பக்கம் வலம். கோயிலை அப்பக்கமாகச் சுற்றி வருவது வலம்வருதல். இவ்வாறு எண்ணியவர் தமிழர் மட்டும் அல்லர். பழைய ஆங்கில மொழியிலும் வலக்கைக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று "கூடுதல் வலிமை உள்ள கை" என்றே பொருள்பட்டது. இடக்கையர் இதனைக் கேட்டு வருந்தலாம். சொற்களை அமைத்தவர்கள் பெரும்பான்மையரைக் கண்டே அமைத்தனர்.

மேலும், வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலித்தல் என்பது இன்றும் நெய்தல் நிலத்து வழக்கு. நரம்பு இறுகி இழுப்பது வலிப்பு. உடம்பு இறுகி நோவது வலி. இவ்விடத்தில் இரு மொழியாரும் சந்திக்கும்போது சிறு குழப்பம் நேர்வதுண்டு. "வலிக்குமோ?" என்று ஒருவர் கேட்டால், "நோகுமோ?" என்று தமிழர் எண்ணுவர், மலையாளத்தில் அது "நீங்கள் புகை பிடிப்பதுண்டோ?" என்பதாகும். புகையை இழுப்பது புகவலி. நோவுக்கு அவர்கள் வேதனை என்னும் வடசொல்லைப் பயன்படுத்துவர். ஒரே வேரின் இரு கிளைகள் இரு வீட்டு முற்றங்களில் வெவ்வேறு பூப் பூக்கின்றன.

தமிழில் "வலிய" என்பதற்கு இன்னுமொரு பொருளும் உண்டு. பிறர் அழையாமலே தானாக வந்து செய்வதை வலிய வந்து செய்தான் என்கிறோம். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கலாகாது என்று வீட்டு முதியோர் கூறுவர். மலையாளம் மட்டும் அறிந்தவர் செவியில் அது "பெரியவளாக வந்த சீதேவி" என்று பட்டாலும் வியப்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வளம், வளர்ச்சி, வள்ளல் முதலிய சொற்களில் வருவது ளகரம். அவை வேறு குடியைச் சேர்ந்தவை. "வளரே வலிய குளம்" என்று மலையாளத்தார் கூறும்போது, முதற்சொல் "வளர்" என்னும் வேரிலும் இரண்டாம் சொல் "வல்" என்னும் வேரிலும் பிறந்தவை. செவிக்கு அவை உடன்பிறந்தார் போலத் தோன்றினும், உண்மையில் அயல்வீட்டார் மட்டுமே. லகர ளகர வேறுபாட்டைக் காக்கும் மொழிகள் சொல்லாராய்ச்சியாளர்க்குச் செய்யும் உதவி மிகப் பெரிது.

இனி மலையாளத்தின் வாயிலுக்குச் செல்வோம். அங்கே வலிய என்றால் பெரிய. வலுது என்றால் பெரியது. வலுப்பம் என்றால் அளவு அல்லது பருமை. தந்தையின் தமையன் வலியச்சன். தாயின் தமக்கை வலியம்ம. நமக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் எவரோ அவரே. அரசகுலத்தின் மூத்தவர் வலிய தம்புரான். திருவிதாங்கூர் அமைச்சர் ராஜா கேசவதாசரை மக்கள் வலிய திவான்ஜி என்று அழைத்தனர். காளிதாசரின் சாகுந்தலத்தை மலையாளமாக்கிய கேரளவர்மா, வலிய கோயித்தம்புரான் என்னும் பட்டத்தாலேயே 1845 முதல் 1914 வரை வாழ்ந்து புகழ்பெற்றவர். சிரியன் கிறித்தவர் ஈஸ்டருக்கு முன் நோற்கும் நீண்ட நோன்பு வலிய நோன்பு. தமிழ்க் கிறித்தவர் அக்காலத்து இறுதி வாரத்தில் பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று கூறுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படியாயின் "பெரிய" என்னும் சொல் மலையாளத்தில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, ஒதுங்கி நிற்கிறது. கேரளத்தின் மிக நீண்ட ஆறு பெரியாறு. காசர்கோட்டு மாவட்டத்தில் பெரிய என்றே ஓர் ஊர் உண்டு. ஸ்ரீவராகத்துக்கு அருகிலேயே பெருந்தான்னி இருக்கிறது. நடுத் திருவிதாங்கூரின் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் பேரப்பன், பேரம்ம என்னும் முறைப்பெயர்கள் வழங்கி வருகின்றன. நம் பெரியப்பன், பெரியம்மையின் நெருங்கிய உறவினர் அவர்கள். ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் உறவின் பெயரும் எளிதில் மாறுவதில்லை. நாள்தோறும் கைமாறும் சொல்லே தேய்ந்து மாறும்.

இம்மாற்றத்திற்கு ஒரு சான்று, கேட்டவுடனே நகைப்பையும் பின்பு சிந்தனையையும் தருவது. ஸ்ரீவராகத்திற்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் முஸ்லிம் மக்கள் திரளாக வாழ்கின்றனர். பீமாபள்ளி அவ்வழியில்தான் உள்ளது. கேரள முஸ்லிம்கள் திருநாளைப் பெருநாள் என்பர். பேச்சில் அது பெருந்நாள் ஆகும். நோன்பு முடிந்து வருவது செறிய பெருந்நாள். ஹஜ்ஜுக் காலத்தில் வருவது வலிய பெருந்நாள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், முன்னது "சிறிய பெரிய நாள்" ஆகிறது. பின்னது "பெரிய பெரிய நாள்" ஆகிறது. பெருமை என்னும் பொருள் "பெருநாள்" என்னும் தொடரில் உறைந்து, விழா என்னும் பொருளாகிவிட்டது. அளவைக் குறிக்க வேறொரு சொல் தேவைப்பட்டது. அப்பணிக்கு "வலிய" வந்து நின்றது. வலியவே வந்தது என்று நாம் தமிழ்ப் பொருளிலும் கூறலாம்.

வலிமை எவ்வாறு அளவாக மாறிற்று என்பதற்கு விடை தேட மலையாளத்துக்கே போக வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே, "மழை வலுத்தது" என்கிறோம். வலுத்தது மழையின் வேகமா, அளவா? சொல்பவரும் கேட்பவரும் அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வலுத்த காற்று, வலுத்த கூட்டம், வலுத்த கடன் என்னும் தொடர்களிலும் இப்படியே. ஆற்றலும் பருமையும் ஒன்றாக நிற்கும் இத்தகைய இடங்களே பொருள்மாற்றத்தின் பாலங்கள். ஒரு தலைமுறை பாலத்தின் இக்கரையில் நின்று சொன்னதை, அடுத்த தலைமுறை அக்கரையில் நின்று புரிந்துகொள்கிறது. எவரும் எதனையும் கெடுக்கவில்லை. கேரளத்தில் இதற்கு வீட்டுத் தலைமையும் அரசப் பட்டங்களும் துணைசெய்தன என்பது நம் கருத்து. தறவாட்டில் அதிகாரம் உடையவரே மூத்தவர், மூத்தவரே பெரியவர். "வலிய தம்புரான்" என்பதில் வலிமை, மூப்பு, பெருமை ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. அவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் தொடர் பொருள் தருகிறது.

மலையாளம் இவ்வழியில் தனித்துப் போயிற்றா என்பதே அடுத்த வினா. தனித்துப் போயிருந்தால், "கெடுத்தனர்" என்பார்க்கு ஓரளவு பிடி கிடைக்கும். ஆயின் மற்ற உறவினர் கூறும் சாட்சி வேறு. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பெரும்பாலும் பகரத்தின் மெல்லொலியாக மாறும். நம் வா, வேர், வில், வாழை ஆகியன அங்கே பா, பேரு, பில்லு, பாளெ என மெலிந்து ஒலிக்கும். இவ்விதிப்படி நம் "வல்" அங்கே "பல்" ஆகும். வலக்கை பலகை ஆகிறது. அதை மரப்பலகை என்று நேயர்கள் மயங்க வேண்டா. வல்லவன் பல்லவன் ஆகிறான். அறிந்தவன், வல்லுநன் என்பது அதன் பொருள். ஹொய்சள மன்னர் பல்லாளரைத் தமிழர் வல்லாளர் என்றழைத்ததும் இவ்விதியின் வழியே. திருவண்ணாமலைக் கோயிலின் ஒரு கோபுரம் இன்றும் வல்லாள மகாராஜன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வரசருள் மூன்றாம் வீர வல்லாளர் மதுரைச் சுல்தானோடு பொருது 1342-ஆம் ஆண்டையொட்டி உயிர்நீத்தார்.

கன்னடத்தில் "பலு" என்று ஒரு சொல் உண்டு. மிக, பெரிதும் என்பது பொருள். மிகப் பெரியதை "பலு தொட்டது" என்பர். தெலுங்கிலும் "பலு" என்பது மிகுதியையும் பெருமையையும் குறிக்கும். அம்மொழிக் காவியங்களில் வரும் "வலுத" என்னும் சொல்லுக்குப் பருத்தது, பெரியது என்று அகராதியார் பொருள் எழுதுவர். குடகு நாட்டிற்கு ஏறிச் சென்றாலோ, மலையாளத்தின் நேர் உடன்பிறப்பையே காண்கிறோம். குடவர் மொழியில் "பல்ய" என்றால் பெரிய; குலத்தின் மூல இல்லத்தைப் பல்யமனை என்பர். வலிமைச் சொல் பருமையையும் மிகுதியையும் நோக்கிச் சாய்ந்தது ஒரு மொழியில் அன்று, நான்கு மொழிகளில் என்றால், அச்சாய்வின் வித்து மூதாதை மொழியிலேயே இருந்தது என்று கொள்வதே பொருந்தும். தமிழ் அவ்வித்தை வலுத்த மழையிலும் வலுத்த கூட்டத்திலும் போற்றி, ஏனைய இடங்களில் "பெரிய" என்பதை ஆளவிட்டது. மலையாளம் அவ்வித்தை மரமாக வளர்த்துவிட்டது.

இவ்வாறு உறவு காணும் கலையில் திருவனந்தபுரத்திற்கு ஒரு பங்கு உண்டு. வலிய கோயித்தம்புரானின் மருமகனாகிய ஏ. ஆர். ராஜராஜவர்மா, கேரளபாணினீயம் என்னும் இலக்கணத்தை 1896-இல் வெளியிட்டு, 1917-இல் திருத்தி விரிவாக்கினார். தமிழிலிருந்து மலையாளம் எவ்வொலி விதிகளின்படி பிரிந்தது என்பதை வகைப்படுத்தி, சிதைவு என்று பிறர் கூறியதை ஒழுங்கு என்று காட்டினார் அவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்கு முன் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பின்பு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். ஹெர்மன் குண்டெர்ட்டு மலையாள அகராதியை 1872-இல் மங்களூரில் அச்சிட்டார். பர்ரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வந்தது. வல் என்னும் வேரின் கிளைகள் அதில் ஒரே பதிவின்கீழ் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

வலிமை பெருமையாவது நம் நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமா? உலகின் வேறு மூலைகளில் "பெரிய" என்னும் பொருளுடைய சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். வட அட்லாண்டிக்குக் கடலில், பனியும் எரிமலையும் சூழ்ந்த ஐஸ்லாந்துத் தீவில் ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். அதற்குத் தென்கிழக்கே பரோயித் தீவுகளில் ஏறத்தாழ 55,000 பேர் வாழ்கின்றனர். இவ்விரு மக்களின் மொழிகளும் பழைய நார்வே மொழியின் பிள்ளைகள். தமிழும் மலையாளமும் போல ஒன்றையொன்று நெருங்கியவை. பெரியது என்பதற்கு ஐஸ்லாந்தர் "ஸ்டோர்" என்பர். பரோயி மொழியில் அது "ஸ்டோருர்". இச்சொல்லின் வேர் நிற்றல் என்னும் பொருளது என்பர் அறிஞர். நாம் திரம், ஸ்திரம் என்று ஆளும் வடசொல்லின் வேரும் அதுவே. நிலையாக நிற்பது உறுதியானது, உறுதியானது பெரியது. இதே சொல்லின் உடன்பிறப்பு ரஷ்ய மொழியில் "ஸ்டாரி" என்று வழங்குகிறது. அங்கே அதன் பொருள் பழைய என்பது. நெடுநாள் நிற்பது பழையது ஆகிறது அன்றோ! ஒரு தாய் வயிற்றுச் சொல் ஒரு கரையில் பெருமையையும் மறுகரையில் முதுமையையும் குறிப்பதைக் கண்டு, ஐஸ்லாந்தர் ரஷ்யர் சொல்லைக் கெடுத்தனர் என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை.

பாரசீகச் சான்று இன்னும் நெருக்கமானது. கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட பேரரசன் டேரியஸ், தன் கல்வெட்டுகளில் தன்னை மாமன்னன் என்று கூறிக்கொள்கிறான். "மா" என்னும் இடத்தில் அவன் இட்ட சொல் "வஸ்ரக". ஆற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இந்திரன் கையிலுள்ள வச்சிரமும் அதன் இனம் என்பர். இன்றைய பாரசீகத்தில் அது "புஸுர்க்" என்றாகி, பெரிய என்னும் பொருளில் அன்றாடம் வழங்குகிறது. வலிமையில் பிறந்து, அரசனின் பட்டத்தில் அமர்ந்து, கடைத்தெருவில் வெறும் அளவைக் குறிக்கும் சொல்லாக இறங்கியது அச்சொல். நம் வலிய தம்புரானின் வழியும் அதுவே.

இவ்விடத்தில் நேயர்களுள் சிலர், "பலம் என்னும் வடசொல்லும் வல் என்னும் தமிழ்ச் சொல்லும் ஒன்று தானே?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, ஆயின் வழுக்குநிலம். பலம் என்னும் சொல் இருக்கு வேதத்திலேயே வருகிறது. அது திராவிட மொழியிலிருந்து வடமொழிக்குச் சென்றது என்று பர்ரோ கருதினார். மற்றொரு சாரார் அதனை ஏற்கவில்லை. ரஷ்ய மொழியில் பெரிய என்பதற்குப் "பல்ஷோய்" என்று பெயர். மாஸ்கோவின் புகழ்பெற்ற நாடக அரங்கின் பெயரில் வருவது அச்சொல்லே. பலமும் பல்ஷோயும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரின் கிளைகள் என்பது அவர்கள் கட்சி. வலுவிழந்ததைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்றையும் சான்றாகக் காட்டுவர்.

இரு கட்சிக்கும் இடர்ப்பாடு உண்டு. மூல இந்தோ ஐரோப்பிய மொழியில் அம்மெல்லிய பகரத்தை முதலாகக் கொண்ட சொற்கள் மிக அரியவை. ஆதலின் பலம் அயலார் சொல்லாக இருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. அயலார் சொல்லாயின், அது திராவிடத்திலிருந்து சென்றிருந்தால் வகரத்தோடு சென்றிருக்க வேண்டும். கன்னடத்தார் வகரத்தைப் பகரமாக்கியது வேத காலத்திற்கு நெடுங்காலம் பின்னர் அன்றோ? எனவே, பலம் எம்முடையதே என்று தமிழரும், வலி எம்முடைய பலத்தின் திரிபே என்று வடமொழிப் பற்றாளரும் மேடையில் முழங்குவது இரண்டும் நமக்கு உடன்பாடு அல்ல. இவற்றுள் இரண்டாவதற்குச் சான்று மிகக் குறைவு. வலி, வலம், வல்லுநர், வலித்தல், வல்லினம் எனத் தன் மண்ணிலேயே இத்தனை விழுதுகள் ஊன்றிய சொல்லை இரவல் என்று கூறுவது எளிதன்று.

இன்னும் சிலர் ஒருபடி மேலே சென்று, லத்தீனில் வலிமையாயிருத்தலைக் குறிக்கும் "வலேரே" என்னும் சொல்லை எடுத்துக்காட்டி, உரோமரும் தமிழரும் உறவினர் என்பர். ஓசை மயக்கும். லத்தீன் சொல்லின் மூல வடிவை அதன் உடன்பிறந்த மொழிகளோடு வைத்துப் பார்த்தால், அதற்கு வேறு வரலாறு இருப்பது புலனாகும். தீயது என்பதற்கு ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ஏறத்தாழ ஒரே ஒலியுடைய "பேட்", "பத்" என்னும் சொற்கள் உண்டு. அவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை மொழிநூலார் நெடுநாளாக எடுத்துக்காட்டி வருகின்றனர். தெருவில் எதிர்ப்படும் முகச்சாயலை மட்டும் கண்டு குலமுறை எழுதலாகாது. கன்னடத்துக்கும் தமிழுக்கும் இடையே நாம் உறவு கூறியது, பா, பேரு, பில்லு, பாளெ எனப் பல சொற்களில் ஒரே விதி மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் கண்டே.

மீண்டும் ஸ்ரீவராகத்தின் அண்டைக்கு வருவோம். வலியசாலை என்னும் பெயர் நம் நெஞ்சில் சற்று நேரம் தங்கத்தக்கது. பண்டைக் காந்தளூர்ச் சாலை அவ்விடத்தில் இருந்தது என்று வரலாற்றறிஞர் பலர் கருதுவர். வேறிடம் கூறுவாரும் உண்டு. அங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. சாலை என்பது அக்காலத்தில் உணவும் உறையுளும் தந்து மறை முதலிய கல்வியைப் புகட்டிய நிலையம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஒரு சாலையை நிறுவினான். 95 மாணவர்க்கு இடமளித்த அதன் ஒழுங்குமுறை காந்தளூரைப் பின்பற்றியது என்று அவன் செப்பேடு கூறுகிறது. 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியும் காந்தளூர்ச் சாலையில் அவன் பெற்ற வெற்றியை முதற்கண் வைத்தே பேசுகிறது. செப்பேட்டிலும் மெய்க்கீர்த்தியிலும் அஃது ஊர்ப்பெயரால் சுட்டப்படும் சாலையே. வலிய என்னும் அடைமொழி பின்னாளில் மக்கள் நாவில் ஏறியது. பெரும்படையை வரவழைத்த அச்சாலை வலிமையால் வலியதா, பெருமையால் வலியதா என்று கேட்டால், தமிழ்ப் பொருளும் மலையாளப் பொருளும் அங்கே ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. அப்பெயரைத் திருத்தப் புகுவார் யார்?

1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அதே நாளில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நிலத்தில் எல்லைக் கல் நடலாம். சொல்லில் நட இயலாது. அம்மாவட்டத்தின் மேற்குப் பகுதித் தமிழரும் ஸ்ரீவராகத்துத் தமிழரும் பேசும் தமிழைப் பிற மாவட்டத்தார் கேட்டு நகைப்பது இன்றும் உண்டு. அந்நகைப்புக்கு விடையாக ஒரு வாழ்க்கையைச் சுட்டலாம். நாஞ்சில் நாட்டு வடசேரியில் 1926-இல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம், அமெரிக்க நாட்டின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தமிழ் வட்டார வழக்கே. அறிஞர் கூடத்தில் வைத்து ஆராயத்தக்க ஒழுங்கு அதற்கு உண்டு என்று அவர் 1957-இல் நிறுவினார். பின்பு கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கினார். 1971-இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகம் தோன்ற முன்னின்றார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அமர்ந்தார். வட்டார வழக்கு மொழியின் நோய் என்று எண்ணியவர்க்கு, அது மொழியின் நினைவு என்று அவர் பணி எடுத்துக்காட்டியது.

குலசேகரத்தை அடுத்து வலியாற்றுமுகம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது. தமிழ்நாட்டு ஏடுகளில் அப்பெயராலேயே எழுதப்படுவது. பெரியாற்றுமுகம் என்று அதனை மாற்றி எழுதும்படி எவரும் விண்ணப்பித்ததாக நாம் கேட்டதில்லை.